அனுமதியில்லாமல் வெளியேறியவன்

எங்கள் வட்டாரக் கல்லூரி கிளப் ஐஸ் ஹாக்கி லீகில் அணிகள் ஆறு, கமிட்டிகள் ஒன்பது. அணிகளில் ஆள் குறைந்து ஆட்டம் நின்று போனதுண்டு. கமிட்டிகளில் ஒருநாளும் ஆள் குறைந்ததில்லை. கல்லூரிகள் இந்த அணிகளைத் தங்களுடையவை என்று முழு மனதாக ஒப்புக்கொள்வதில்லை. பையன்களே கைக்காசு போட்டு, வாடகை வேனில் பனிப்புயலுக்குள் புகுந்து போய் ஆடிவிட்டு வருவார்கள். பெஞ்சில் டாக்டர் கிடையாது, சில நாள் கோச்சும் கிடையாது. ஆனால் லீகுக்கு ஒரு கொடி உண்டு, ஓர் உறுதிமொழி உண்டு, பெரிய மனிதர்கள் போட்டுக்கொள்ள நீலக் கோட்டு உண்டு.

நானும் அந்தக் கோட்டைப் போட்டவன்தான். பெயர் மார்ட்டி. வார நாட்களில் ஹார்டுவேர் கடையில் ஆணி விற்பேன். சனிக்கிழமைகளில் பிர்ச் ஹார்பர் அரங்கத்தில் பெனால்டி பெட்டியின் கதவைத் திறந்து மூடுவேன். தப்பாட்டம் ஆடியவனை உள்ளே விட்டு அடைப்பது, கடிகாரம் சொன்னதும் வெளியே விடுவது, இவ்வளவுதான் வேலை. இதற்கே வருஷா வருஷம் என்னிடம் உறுதிமொழி வாங்குவார்கள். கடிகாரம் சொல்லாமல் கதவைத் திறக்கமாட்டேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டும்.

உறுதிமொழி வாங்குகிறவர் கமிஷனர் ஹோவார்ட் பெல்க்கி. மற்ற நாட்களில் அவர் கராஜ் கதவு விற்கிறவர். நல்ல கதவுகள், என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. கோட்டைப் போட்டுவிட்டால் மட்டும் அவருக்குக் குரல் மாறிவிடும், நம்மை அடையாளம் தெரிய ஒரு கணம் அதிகமாகப் பிடிக்கும்.

ஜனவரியில் ஓர் ஆட்டம். எங்கள் அணியின் கோல்கீப்பர் டெரிக் காங்கஸ். எதிரணிக்காரன் ஒருவன் வேகமாக வந்து தடுமாறி விழுந்ததில் அவன் முழங்கால் டெரிக்கின் தலையில் இடித்தது. பையன் எழுந்து நின்றான். கொஞ்ச நேரம் ஆடவும் செய்தான். பிறகு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, கோலை விட்டு மெதுவாகச் சறுக்கிக்கொண்டு வந்து, ஐஸைவிட்டு இறங்கி, உடைமாற்றும் அறைக்குள் போய்விட்டான். நடுவரிடம் கேட்கவில்லை. காலியாகக் கிடந்த கோலுக்குள் எதிரணி ரப்பர் வட்டை அடித்துக் கொண்டாடியது. ஆட்டம் முடிந்து பையன்கள் உள்ளே போனபோது டெரிக் குளியலறைத் தரையில் கிடந்தான். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்தான். மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது.

லீகின் அறிவிப்பு அன்று மதியமே வந்துவிட்டது. அனுமதியில்லாமல் ஐஸைவிட்டு வெளியேறிய கோல்கீப்பருக்கு விதிப்படி இரண்டு ஆட்ட சஸ்பென்ஷன் என்று முதல் பத்தியில் இருந்தது. அவருடைய குடும்பத்துக்கு லீகின் ஆழ்ந்த இரங்கல் என்று இரண்டாம் பத்தியில் இருந்தது. வரிசை ஏன் அப்படி என்று கேட்டேன். எது முதலில் நடந்ததோ அது முதலில் என்றார் கமிஷனர்.

குடும்பம் என்று இருந்தது ஒருவர்தான். டெரிக்கின் அப்பா வெர்ன் காங்கஸ். கவுண்டி நிர்வாகத்தின் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவர். தாய் அவன் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டாள். வெர்ன் மான் வேட்டைக்காரர், மீன் பிடிப்பார். ஐஸ் ஹாக்கி மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆட்டம் தவறாமல் வருவார், பக்கத்திலிருப்பவர்கள் கத்தும்போது கூடச் சேர்ந்து கத்துவார், பிறகு என்னிடம் வந்து, "இப்ப ஏம்ப்பா எல்லாரும் கத்தினோம்?" என்று கேட்பார்.

எங்கள் ஊரில் ஜனவரியில் செத்தவர்கள் மே மாதம்வரை காத்திருக்க வேண்டும். மண் இறுகிப்போய்க் குழி வெட்ட முடியாது. கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் கல் அறையில் சவப்பெட்டியை வைத்துப் பூட்டிவிடுவார்கள். டெரிக்கையும் அங்கேதான் வைத்தார்கள். அடுத்த வாரம் வெர்ன் கடைக்கு வந்தார், ஆணி டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மார்ட்டி, அவனோட பச்சை ஜெர்சி வேணும்ப்பா. புதைக்கும்போது அதைத்தான் போட்டு விடணும். வேற எதுலயும் அவனை எனக்கு நெனச்சுப் பாக்க முடியல."

"டீம் பசங்ககிட்ட கேட்டியா?"

"கேட்டேன். தரணும்னு ஆசைதான். ஆனா சஸ்பென்ஷன் முடியாதவன் ஜெர்சி போடக் கூடாதாம். மீறித் தந்தா டீமையே ஆட்டத்துலேருந்து தூக்கிடுவாங்களாம். செத்தவனுக்குமாப்பா?"

"மண்ணு இளக மே ஆயிடும். அதுக்குள்ள கமிஷனர்ட்ட பேசிடலாம்" என்றேன். அப்போது எனக்கு லீகின் மேல் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருந்தது.

விசாரணை அரங்கத்தின் மாடியில், பாப்கார்ன் மெஷினுக்கு அடுத்த அறையில் நடந்தது. ஒழுங்கு கமிட்டியின் ஐந்து பேரும் நீலக் கோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கமிஷனர் மேஜையை ஒரு ஹாக்கி வட்டால் தட்டியதும் எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். வெர்ன் தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அந்த மௌனம் லீகின் முதல் கமிஷனருக்காக ஒவ்வொரு கூட்டத்திலும் வழக்கமாக நிற்பது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பிறகு செயலாளர் கதவைத் திறந்து, "டெரிக் காங்கஸ்" என்று மூன்று முறை தாழ்வாரத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. ஆட்டக்காரர் வரவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

"இது அவருக்குச் சாதகமான விஷயம் இல்ல. ஆனா இதைப் பெருசு பண்ண வேணாம்னு நெனைக்கிறேன்" என்றார் கமிஷனர் பெருந்தன்மையாக.

"அவன் செத்துட்டான் சார்" என்றார் வெர்ன்.

"தெரியும் மிஸ்டர் காங்கஸ். லீக் உங்க துக்கத்துல பங்கெடுத்துக்குது. ஆனா துக்கம் வேற, விதி வேற. சஸ்பென்ஷன்ங்கிறது என்ன? ஆடக்கூடியவனை ஆடாம உக்கார வைக்கிறது. ஆட முடியாதவன் உக்காந்தா அதுக்குப் பேரு தண்டனை இல்ல, ஓய்வு. காய்ச்சல்னு படுத்துக்கிட்டே சஸ்பென்ஷனைக் கழிச்ச பசங்களை நாங்க பாத்திருக்கோம். அதனாலதான் நல்ல உடம்போட, ஆட்டத்துக்குத் தயாரா இருந்தாத்தான் கணக்குல சேரும்னு விதி போட்டோம். உங்க பையன் தயாரா இல்ல."

"இனிமே எப்படி சார் தயாராவான்?"

"அதுல லீக் தலையிட முடியாது."

வெர்ன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தலையில அடிபட்டதாலதானே அவன் வெளிய போனான். அதுக்கா தண்டனை?"

இதற்குப் பதில் சொல்ல லீகின் மருத்துவ ஆலோசகர் டாக்டர் சிம்ஸ் இருந்தார். அவர் பல் டாக்டர். "அடிபட்டதா பதிவு இல்லையே. பெஞ்சுல முதலுதவி தெரிஞ்ச ஆள் இருந்தா பாத்து எழுதியிருப்பார். அன்னிக்கு ஆள் இல்ல, அதனால எழுதல. எழுதாததை நான் காயம்னு எப்படிச் சொல்றது? அதுவும் தன் கால்ல நடந்து போயிருக்கான்."

"ஆள் ஏன் இல்ல?"

"அது வேற கமிட்டி."

கமிஷனர் முன்னால் சாய்ந்து, கராஜ் கதவு விற்கும்போது பேசுகிற கனிவான குரலில் பேசினார். "வெர்ன், ஒரு நண்பனா சொல்றேன். இந்த சஸ்பென்ஷனை நாங்க எடுத்துட்டா என்ன அர்த்தம்? அவன் வெளிய போனதுல நியாயம் இருந்துச்சுன்னு அர்த்தம். நியாயம் இருந்துச்சுன்னா, அடிபட்டதை யாராவது பாத்திருக்கணும்னு ஆகும். யாருன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி லீகுக்கு நல்லதில்ல. லீகுக்கு நல்லதில்லாதது எதுவும் பசங்களுக்கும் நல்லதில்ல. நாங்க பண்றது எல்லாமே பசங்களுக்காகத்தான்."

கமிட்டி தலையாட்டியது. கமிஷனர் வட்டை எடுத்துத் தட்டப் போன நேரத்தில் வெர்ன் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பையன் தூக்குவதுபோல.

"சார், எனக்கு ஆட்டம் தெரியாது. தப்பா இருந்தா மன்னிக்கணும். கோல்கீப்பர் தப்புப் பண்ணா அவன் பெட்டிக்குப் போறதில்ல, அவனுக்குப் பதிலா வேற ஒருத்தன் போய் உக்கார்றான். நான் பாத்திருக்கேன். அப்ப என் பையனுக்குப் பதிலா நான் உக்காரலாமா?"

கமிஷனரின் முகம் மலர்ந்தது. விதியும் உடையாது, கேள்வியும் வராது. அந்த மனிதர் துயரத்தில் சொன்னதை அவர்கள் ஒரு மணி நேரம் விவாதித்து நிபந்தனைகளோடு ஏற்றுக்கொண்டார்கள். வெர்ன் நல்ல உடம்போடு, ஆட்டத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். சஸ்பென்ஷனில் இருப்பவர்களுக்கான உடையான ஷர்ட், டை அணிய வேண்டும். பெட்டி ஐஸை ஒட்டி இருப்பதால் பாதுகாப்புக்காக ஹெல்மெட்டும் பல் காப்பும் போட வேண்டும். சீசனில் மிச்சமிருக்கும் இரண்டு ஆட்டத்திலும் முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை பெட்டியைவிட்டு வெளியே வரக் கூடாது. முடித்துவிட்டால் ஜெர்சி அவருக்கு. கடைசியாக ஒரு கையெழுத்து கேட்டார்கள். ஐஸில் என்ன நடந்தாலும் அது ஆட்டக்காரனின் சொந்த விருப்பம், லீக் பொறுப்பல்ல என்று. யாருக்குப் பதிலாக உட்காருகிறாரோ அவருக்கும் சேர்த்துப் போடச் சொன்னார்கள். வெர்ன் படித்துப் பார்க்காமல் போட்டார். அவருக்கு ஜெர்சிதான் வேண்டும்.

முதல் ஆட்டத்தன்று அவர் அரைமணி நேரம் முன்னாலேயே வந்து பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு வாங்கிய டையாக இருக்க வேண்டும், அகலமாக, பழுப்பு நிறத்தில் இருந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: "அனுமதியில்லாமல் வெளியேறியதற்காக டெரிக் காங்கஸ். அவருக்குப் பதிலாக வெர்ன் காங்கஸ்." கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் வெர்ன் என் கையைப் பிடித்தார். பல் காப்பு வாயில் இருந்ததால் குழறினார். "மார்ட்டி, அது அவனோடது."

எதிரே கோலில் புதுக் கோல்கீப்பர் நோலன் நின்றுகொண்டிருந்தான். முதலாம் ஆண்டுப் பையன், டெரிக் போனபிறகு ஆளில்லாமல் நிறுத்தப்பட்டவன். கோல்கீப்பரின் காப்புகளுக்கு மேல் போடுகிற அகலமான ஜெர்சி அணியிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் வலது முழங்கை கிழிந்திருந்ததை வெர்ன் மீன்பிடி நரம்பால் தைத்திருந்தார். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தையல் பளபளத்தது.

"தைக்கும்போது திட்டிக்கிட்டே இருந்தான். ஊரே சிரிக்கும்னான்" என்றார்.

"ஏன், நல்லாத்தானே தச்சிருக்க."

"நரம்பு இருபது பவுண்டு தாங்கும்னேன். எலும்பு தாங்குமான்னு கேட்டான் அந்தப் பய."

ஆட்டம் முடியும்வரை அவர் அந்த ஜெர்சியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கமிஷனர் பெட்டிக்கு வந்து கைகுலுக்கினார். "அருமையான ஒழுக்கம் வெர்ன். உங்ககிட்டேருந்து பசங்க கத்துக்கணும்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, மனதாரத்தான் சொன்னார்.

மார்ச்சில் இரண்டாவது ஆட்டம். அதுதான் சீசனின் கடைசி. இதை விட்டால் அடுத்தது அக்டோபரில். வெளியே கூரைகளில் பனி சொட்டத் தொடங்கியிருந்தது. அதுவரைக்கும் காத்திருக்க அவருக்குக் காலம் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வெர்ன் அதே டையில் வந்திருந்தார். ஜெர்சியை வாங்கிப் போட ஒரு துணிப்பையும் கொண்டுவந்து காலடியில் மடித்து வைத்திருந்தார்.

கடைசிப் பகுதியில் பாதிக்கு மேல் போய்விட்டது. கோலுக்கு முன்னால் இரண்டு பேர் மோதிக்கொண்டு நோலன்மேல் விழுந்தார்கள். அவன் தலை பின்னால் போய்க் கம்பத்தில் இடித்த சத்தம் பெட்டிவரை கேட்டது. எழுந்து நின்றான். நடுவர் அவனிடம் ஏதோ கேட்டார், அவன் தலையாட்டினான், ஆட்டம் தொடர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலையைப் பார்த்து நின்றான். பிறகு திரும்பி, அணி உட்காரும் பெஞ்சைப் பார்த்தான். அங்கிருந்து கேப்டன் உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினான், அங்கேயே இரு என்று. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். வேறு கோல்கீப்பர் இல்லை. கேட்காமல் வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணமாக எதிர்ப்பக்கத்துப் பெட்டியில் டை கட்டி உட்கார்ந்திருந்த ஒருவரை இரண்டு ஆட்டமாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பினான். எதையோ தேடுகிறவன்போல இருந்தது அந்தப் பார்வை.

வெர்ன் பல் காப்பைத் துப்பினார்.

"அவன் வாசலைத் தேடுறான். என் பையனும் இப்படித்தான் நின்னான். அன்னிக்கு எனக்குத் தெரியலை. கதவைத் தெற மார்ட்டி."

"வெர்ன், இன்னும் பத்து நிமிஷங்கூட இல்ல. இப்ப எறங்கினா எல்லாம் போச்சு. ஜெர்சி கிடைக்காது."

"தெறடா."

கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தேன்.

அவர் தோல் ஷூவோடு ஐஸில் இறங்கினார். மூன்றாவது அடியில் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். பிறகு எழுந்திருக்காமல் முழங்காலாலேயே போனார், டை ஐஸில் இழுபட்டது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நடுவர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். வெர்ன் போய்ச் சேர்ந்து அந்தப் பையனின் முகமூடியைக் கழற்றினார். நோலன் அவர் தோளில் முகத்தை வைத்து வாந்தி எடுத்தான், அப்படியே சரிந்தான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவனை ஏற்றுவதற்கு முன் ஜெர்சியைக் கழுத்திலிருந்து அடிவரை கத்தரிக்கோலால் வெட்டினார்கள். வெர்ன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். பையன் பிழைத்துக்கொண்டான்.

மறுபடி பாப்கார்ன் மெஷினுக்கு அடுத்த அறை, மறுபடி முதல் கமிஷனருக்கு மௌனம். இந்த முறை வெர்ன் அழவில்லை. நேரம் முடியுமுன் பெட்டியைவிட்டு இறங்கியதால் இரண்டாவது ஆட்டம் கணக்கில் சேராது என்றார்கள். முதல் ஆட்டமும் சேராது, ஏனென்றால் நிபந்தனை இரண்டுக்கும் சேர்த்துப் போட்டது. அனுமதியில்லாமல் வெளியேறியதற்காக நோலனுக்கு இரண்டு ஆட்டம். தூக்கிக்கொண்டு போகப்பட்டவன் வெளியேறியவன் ஆவானா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அவரை வேறு கமிட்டிக்கு மாற்றினார்கள். என் நீலக் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், அதற்கு ஒரு சிறு சடங்கு இருந்தது.

"அந்தப் பையன் செத்திருப்பான்" என்றார் வெர்ன்.

"சாகலையே" என்றார் கமிஷனர். "வெர்ன், நிதானமா யோசிங்க. டெரிக் வெளிய போனான், செத்தான். வெளிய போறது ஆபத்துன்னு அதுலயே தெரியுது. நோலன் உயிரோட இருக்கான். அப்ப அவனுக்கு அப்படி ஒண்ணும் அவசரம் இல்லைன்னு இதுலயும் தெரியுது. எந்தப் பக்கம் பாத்தாலும் விதிதான் சரியா இருந்திருக்கு. எங்களுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சரியா இருந்தோம்ங்கிறது ஒரு ஆறுதல்."

ஜெர்சியைப் பற்றி வெர்ன் கேட்கவில்லை. அவர்களாகவே சொன்னார்கள், அது பாழாகிவிட்டதால் தருவதற்கு இனி ஒன்றும் இல்லை என்று.

மே மாதம் மண் இளகியது. கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறும் கொசுவும். டெரிக்கைப் புதைப்பதற்கு இரண்டு நாள் முன்னால் நோலன் வெர்னின் வீட்டுக்குப் போயிருக்கிறான். மொட்டைத் தலையில் குதிரை லாடம் மாதிரித் தழும்பு. ஆஸ்பத்திரியில் அவன் துணிமணிகளைப் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் பையை நீட்டி, "இது உங்களோடதுதான் சார். துவைச்சிட்டேன்" என்று மட்டும் சொன்னானாம். வெர்ன் அவனை உட்காரவைத்து, இறைச்சி அடைத்த ரொட்டி சூடுபண்ணிக் கொடுத்துவிட்டு, அவன் சாப்பிட்டு முடிப்பதற்குள் நடுவில் பிளந்திருந்த ஜெர்சியை மீன்பிடி நரம்பால் தைக்கத் தொடங்கிவிட்டார்.

அடக்கத்துக்கு அணிப் பையன்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கமிஷனரும் வந்தார், நீலக் கோட்டில், லீகின் சின்னம் வைத்த பெரிய மலர்வளையத்தோடு. சவப்பெட்டி குழிக்கு மேல், இறக்குவதற்கான பட்டைகளில் இருந்தது. அவர் வெர்னுக்கு அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பசங்க ஏதோ பேசிக்கிறாங்க, அதான். நான் லீகுக்குப் பதில் சொல்லணும். உள்ள அவன் என்ன போட்டிருக்கான்?"

வெர்னின் கழுத்தில் அதே பழுப்பு டை, ஐஸில் இழுபட்ட கறை போகவில்லை.

"நாலு திருகுதான். தெறந்து பாருங்க" என்றார்.

என் சட்டைப் பையில் திருப்புளி இருந்தது, கடையிலிருந்து நேராக வந்திருந்தேன். எடுத்து நீட்டினேன். கமிஷனர் அதைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், சேறு ஒட்டிய தன் ஷூவைப் பார்த்தார். "வேணாம் வேணாம், குடும்பத்தோட வார்த்தையை லீக் எப்பவும் நம்பும்" என்று சொல்லி இரண்டடி பின்னால் போனார்.

பெட்டி இறங்கியது. பையன்கள் ஆட்டம் முடிந்து கைகொடுக்கப் போகிற வரிசையில் வந்து ஆளுக்குக் கொஞ்சம் மண் போட்டார்கள். நோலன் கடைசியில் வந்தான். குழி பாதி நிரம்பியபோது வெர்ன் கமிஷனரிடம் திரும்பினார்.

"எழுதிக்குங்க சார். இனிமே யாரையும் கேக்காம எங்கயும் வெளிய போகமாட்டான்."

கமிஷனர் கோட்டின் உள்பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.